இரவல் சங்கிலி மேடை ஏறிய நாள்

மேடையில் ஆறு நாற்காலி போட்டிருந்தார்கள். ஐந்தில் படித்தவர்கள். ஆறாவதில் நான்.

தலைக்கு மேல் காற்றாடி சுற்றியது. ஆனாலும் எனக்கு வேர்த்து ஊற்றியது. கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி, காதில் சிவப்புக் கல் தோடு, உடம்பில் மயில் கழுத்து நிறத்தில் பட்டுச் சேலை, மடியில் கைப்பை. கலியாணப் பெண்ணை மணவறையில் உட்கார வைத்துவிட்டு மாப்பிள்ளையைத் தேடப் போய்விட்டார்களோ என்று நினைக்கிற மாதிரி இருந்தேன். எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கி முன்னால் நின்று பேசிக் கொண்டிருந்த பெரியவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். மெல்லத் திரும்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார்.

"இந்த அம்மாவை நல்லாப் பாருங்கோ. இவவுக்குத்தான் நாங்கள் வீடு கேக்கப் போறமாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நடுவரிசைக்கு வந்து, முன்வரிசைக்கும் வந்துவிட்டது.

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சேலை மடிப்பு கலைந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதுதான் தப்பு என்று தெரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் தைரியசாலி இல்லை

போன வாரம் எழுதிய பாம்புக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'உங்கள் தைரியம் எனக்கு வருமா' என்று கேட்டிருந்தார். அம்மா, அந்தப் பாம்பை அடித்தது பக்கத்து வீட்டு மாரியாயி. நான் அடுப்புத் திண்டில் ஏறி நின்று கத்தினேன். அதைத் தெளிவாக எழுதாதது என் பிழை.

நான் எவ்வளவு தைரியசாலி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். பரிசளிப்பு நாளில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லி வாத்தியார் ஒரு மாதம் பழக்கினார். பெயர் கூப்பிட்டபோது நான் பள்ளிக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டேன். எனக்குப் பதிலாக இன்னொரு பிள்ளை பாடி, சோப்புப் பெட்டி ஒன்றைப் பரிசாக வாங்கிக் கொண்டு போனது. அந்தச் சோப்புப் பெட்டி பச்சை நிறம். இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்படிப்பட்டவள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்து மேடையில் எப்படிப் போய் உட்கார்ந்தாள் என்றால், அதற்குக் காரணம் ஒரு காகிதம்.

கதவில் ஒட்டிய காகிதம்

எங்கள் தோட்டம் ஜெஞ்சாரோம் பக்கம். ரப்பர்ப் பால்மரம் பாதி, செம்பனை பாதி. நான் மரம் சீவினேன், என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டினார். குடியிருந்தது தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில். நான் பிறந்ததும் அதே லயத்தில்தான். கலியாணமாகி எட்டு வீடு தள்ளிப் போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிரயாணம் அதுதான்.

ஒரு நாள் வேலைக்காட்டிலிருந்து வந்து பார்த்தால் ஒவ்வொரு கதவிலும் ஒரு காகிதம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கினவர்கள் அங்கே பங்களாக்கள் கட்டப் போகிறார்கள். நாங்கள் எல்லாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று மட்டும் அந்தக் காகிதத்தில் எழுதவில்லை.

மாற்று வீடு வேண்டும் என்று இரண்டு முறை மனுப் போட்டோம். பதிலே வரவில்லை. அப்புறம்தான் கிள்ளானிலிருந்து வசந்தா என்று ஒரு வக்கீல் பிள்ளை வந்தது. சிவப்பு மோட்டார் சைக்கிளில் வரும். எங்கள் வீட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பால் விடாத கட்டங்காப்பி குடிக்கும்.

அந்தப் பிள்ளை ஒரு யோசனை சொன்னது. பிரிக்பீல்ட்ஸில் பெரிய மனிதர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் நமக்காக மாநில அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. இத்தனை தலைமுறை உழைத்தவர்களுக்கு வீடு உரிமை, எல்லாக் குடும்பத்துக்கும் கேட்க வேண்டும் என்று ஒரு கட்சி. வீடு வீடாகச் சோதித்துப் பார்த்து, உண்மையிலேயே இல்லாதவர்களுக்கு மட்டும் உதவியாகக் கேட்கலாம் என்று இன்னொரு கட்சி. ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒரு விவாதம். முடிவில் கையைத் தூக்கி ஓட்டு.

"தோட்டத்திலேருந்து ஒருத்தர் வந்து பேசணும்," என்றது வசந்தா. "ஆம்பளைங்க வந்தா கோபத்துல கத்திருவாங்க. அஞ்சல அக்கா, நீங்க வாங்க. நீங்க கத்த மாட்டீங்க."

அது சரிதான். நான் கத்த மாட்டேன். நான் பேசவே மாட்டேன் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

"முடியாதுன்னு சொல்லேன்டி," என்றாள் மாரியாயி அப்புறம்.

"சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"நாசமா போச்சு. வெக்கப்பட்டுக்கிட்டே மேடை ஏறுற மொத ஆளு நீதான்லா."

மரங்கள் கேட்ட பேச்சு

மூன்றே விஷயம் சொன்னால் போதும் என்று வசந்தா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது. எத்தனை தலைமுறையாக இருக்கிறோம், என்ன வேலை செய்கிறோம், காகிதத்தில் என்ன எழுதியிருந்தது.

விடியற்காலையில் மரம் சீவிக்கொண்டே சொல்லிப் பழகினேன். ஒரு மரத்துக்கு ஒரு தடவை. பட்டையில் கத்தியை இழுத்து, கோட்டு வழியாகப் பால் இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்டுவதற்குள் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு. நாலு நாளில் நன்றாக வந்துவிட்டது. கொசுக் கடித்தாலும் தடுமாறாமல் சொன்னேன். மரம் எதிர்க் கேள்வி கேட்காது, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்காது. அதை நான் யோசிக்கவில்லை.

எல்லாம் சொன்ன வசந்தா, என்ன உடுத்திக் கொண்டு வர வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்காது. எங்களுக்கோ அது ஒன்றுதான் நன்றாகத் தெரிந்த விஷயம்.

எங்கள் லயத்து வழக்கம்

எங்கள் லயத்தில் யார் வெளியே போனாலும் வெறும் கழுத்தோடு போனது கிடையாது. பெண் பார்க்க வந்தாலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும், ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கப் போனாலும், உள்ள வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்கு நகை வந்துவிடும். கேட்க வேண்டியதில்லை. விஷயம் காதில் விழுந்தால் போதும்.

அதில் முக்கியமானது மாரியாயியின் இரட்டை வடச் சங்கிலி. பந்திங்கிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் லயத்தில் மூன்று பெண்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று பெண் கழுத்திலும் அதே சங்கிலி. மூன்றாவது வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சங்கிலி நல்லாருக்கு. பொண்ணைத்தான் இன்னும் முடிவு பண்ணல," என்றாராம். இருந்தாலும் அந்த மூன்றாவது பெண்ணுக்கே கலியாணம் முடிந்தது. எல்லாம் சங்கிலியின் ராசி என்றாள் மாரியாயி.

ஆக, நான் கோலாலம்பூர் போகிறேன், அதுவும் மேடைக்கு, என்றதும் லயமே எழுந்துவிட்டது. வேலைக்காட்டில் எங்களை அதட்டி மேய்க்கும் மண்டோரின் சம்சாரம் தன் பட்டுச் சேலையைக் கொண்டுவந்தது. அந்த அம்மாவுக்கு என்னோடு இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. சேலையை வைத்துவிட்டு அப்போதும் பேசாமல்தான் போனது. ரவிக்கை மாரியாயியின் தங்கச்சி லெட்சுமியுடையது. தோடு எதிர் வீட்டுச் செல்லம்மாவுடையது. கைப்பையும் அவளுடையதே.

மாரியாயி தானே சங்கிலியைப் போட்டுவிட்டுக் கொக்கியைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

"யாரு கேட்டாலும் ஒன்னோடதுன்னே சொல்லு. நம்ம லயத்து மானம்."

"சரி."

"எங்க, சொல்லு பார்ப்போம்."

"என்னோடது," என்றேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னேன், மாரியாயிக்கே கேட்கவில்லை.

பேருந்தில் சங்கிலியைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்து கழுத்தைச் சுற்றித் துவாலையைக் கட்டிக் கொண்டேன். ஜெஞ்சாரோமிலிருந்து கிள்ளான், கிள்ளானிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து மினி பஸ். மினி பஸ் கண்டக்டர், "ஆன்டி, காய்ச்சலா?" என்று கேட்டுத் தள்ளி நின்றார். நெரிசலில் எனக்கு மட்டும் நல்ல இடம் கிடைத்தது.

மண்டப வாசலில் என்னைப் பார்த்த வசந்தாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தது. "நல்லாருக்கா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை வாயை மூடிக் கொண்டு, "ரொம்ப நல்லாருக்குக்கா," என்றது.

தோடு கழலவில்லை

இப்போது மேடைக்கு வருகிறேன்.

பேசிக் கொண்டிருந்த பெரியவர் பெயர் நடராஜா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. சோதித்துப் பார்த்துத்தான் உதவி கேட்க வேண்டும் என்ற கட்சிக்கு அவர்தான் தலைவர்.

"நான் இல்லாதவைக்குக் குடுக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை," என்றார். "கழுத்தில இவ்வளவு பவுன் வைச்சிருக்கிற ஆக்களுக்கும் சேர்த்துக் கேட்டால் அரசாங்கம் எங்களைப் பாத்துச் சிரிக்காதோ? எழுதுங்கோ செயலாளர். சாட்சிக்கு வந்த அம்மாவிட்ட நகை இருக்கு. அதையும் குறிப்பில போடுங்கோ."

செயலாளர் பேனாவைத் திறந்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது, அதுவும் தப்பாக. மாரியாயியின் சங்கிலியை என் பெயரில் எழுதப் போகிறார்கள், நாளைக்கு அதிகாரி வந்து 'உன் சங்கிலி எங்கே' என்று கேட்பான், மாரியாயியிடமிருந்து பிடுங்கிக் கொண்டு போவான் என்று நினைத்துவிட்டேன். பயத்தில் எழுந்து நின்றேன். மரங்களிடம் பழகிய பேச்சு முழுவதும் மறந்து போயிற்று.

"எழுதாதீங்க ஐயா! இது என்னோடது இல்லிங்க!"

சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தேன். "இது மாரியாயியோடது." கைப்பையை வைத்தேன். "இது செல்லம்மாவோடது. இந்தத் தோடும் அவளோடதுதான்."

தோடு கழலவில்லை. திருகாணி இறுகிப் போயிருந்தது. மண்டபம் முழுவதும் பார்த்துக் கொண்டிருக்க, நான் தலையைச் சாய்த்துக் கொண்டு காதோடு மல்லுக்கு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரத்தில் தோட்டத்தை இன்னொரு முறை விற்றிருக்கலாம்.

முன்வரிசையிலிருந்து வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா மேடை ஏறி வந்தார். நடராஜா ஐயாவின் சம்சாரம்.

"இழுக்காதையும் பிள்ளை, காது கிழிஞ்சிடும். பொறும்."

என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து திருகாணியைத் திருப்பிக் கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். "என்ர கலியாணத்திலயும் நான் போட்டது இரவல் தோடுதான். அவரிட்டத் துலைஞ்சிட்டுதெண்டு சொல்லிப்போட்டு, தந்தவையிட்டத் திருப்பிக் குடுத்தனான். அவருக்கு இண்டைக்கும் தெரியாது."

இத்தனை வருஷம் நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. அந்த அம்மாவும் ஐயாவும் இப்போது இல்லை. அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன். தப்பானால் அம்மா மன்னிக்க வேண்டும்.

தோடு இரண்டும் மேசைக்கு வந்தன. "சேலை மண்டோர் வீட்டம்மாவோடது. ரவிக்கை லெட்சுமியோடது. அதையெல்லாம் இங்க கழட்ட முடியாதுங்க," என்றேன்.

நடராஜா ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக் கொண்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். "அப்ப உங்கட எண்டு என்னம்மா இருக்கு?"

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்தது. நான் என்னைக் குனிந்து பார்த்து யோசித்தேன்.

"பாவாடைங்க ஐயா."

மண்டபத்தில் கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. மேடைக்கு அடியில் ஏதாவது பள்ளம் இருக்காதா என்று தேடினேன். பங்சாரிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டரம்மா சிரித்துச் சிரித்து இருமினார். நடராஜா ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

மாரியாயியை மாட்டிவிட்டேன்

சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "அப்ப சங்கிலிக்காரி மாரியாயி இருக்காங்களே. அவங்களுக்கு வீடு வேணாம்லா! பேரை வெட்டுங்க."

லயத்து மானத்தைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். மாரியாயியின் வீட்டையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன். இருநூறு பேர் முன்னால் அவளைப் பணக்காரி ஆக்கியது நான்தான்.

மறுபடியும் எழுந்தேன். இந்த முறை எழுந்ததும் நான்தான், பேசியதும் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"ஐயா, அவ கழுத்துல அந்தச் சங்கிலியை நான் பார்த்ததே இல்லிங்க. எப்பவும் யாராச்சும் போட்டிருப்போம். போன மாசம் பிரசவத்துக்குப் போன பிள்ளை போட்டிருந்துச்சு. அதுக்கு முன்ன ரெண்டு கலியாணம். அவ மக கலியாணத்துக்கே அது வேற வீட்டுல இருந்துச்சு, ஆள் அனுப்பி வாங்கினோம். அது அவளோடதுதாங்க. ஆனா அவகிட்ட இல்லிங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வசந்தா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக் கொண்டது.

நடராஜா ஐயா ஒலிபெருக்கிக்குப் போகவில்லை. மேசையில் கிடந்த சங்கிலியைப் பார்த்துக் கொண்டு, தனக்குத் தானே சொல்வது மாதிரி சொன்னார்.

"வீடு வீடாச் சோதிக்க வேணுமெண்டுதான் நான் சொன்னது. இப்ப, எந்தக் கழுத்தைப் போய்ச் சோதிக்கிறது?"

ஓட்டுக்குக் கை தூக்கச் சொன்னபோது அவர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. எல்லாக் குடும்பத்துக்கும் கேட்பது என்று நாலைந்து கை வித்தியாசத்தில் முடிவானது. அப்புறம் வசந்தா எழுதிக் கொண்டுவந்த கடிதத்தை நடராஜா ஐயா படித்துப் பார்த்து, "இது என்ன இங்கிலீஷ் பிள்ளை?" என்று முகத்தைச் சுளித்து, தானே உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினாராம். உரிமை என்ற சொல்லை எடுத்துவிடுவார் என்று வசந்தா பயந்ததாம். எடுக்கவில்லை. இரண்டு இடத்தில் கூடப் போட்டிருந்தாராம்.

சாவி வாங்கிய நாள்

லயத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். செல்லம்மா கண்ணீர் வரச் சிரித்தாள். மண்டோர் சம்சாரம் இரண்டு வருஷத்துக்கு அப்புறம் என்னோடு பேசியது. "பட்டுல வேர்வை பட்டிருக்கு," என்றது. மாரியாயி மட்டும் சிரிக்கவில்லை.

"என்னோடதுன்னு சொல்லச் சொன்னேன்ல?"

"பயந்துட்டேன்டி."

"ஒரு வேளை என் பேரை வெட்டியிருந்தா?"

அவள் சங்கிலியை வாங்கி முந்தானையில் முடிந்து கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போனபோது, எல்லாரும் கேட்க, "வாங்க பாவாடை!" என்றாள். அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. தோட்டத்தை விட்டு வரும் வரைக்கும் மண்டோர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

வீடு உடனே வந்துவிடவில்லை. இன்னும் பல கூட்டம், பல கடிதம். லயத்தில் தண்ணீரை நிறுத்தினார்கள், ஆறு மாதம் வாளி தூக்கினோம். சில குடும்பங்கள் பொறுக்க முடியாமல் போய்விட்டன. அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் சின்ன மகன் பள்ளி முடித்து வேலைக்குப் போன பிறகுதான் அடுக்கு வீடு கிடைத்தது. நாலாவது மாடி, மின்தூக்கி கிடையாது. இருந்தும் போகாமல் இருந்த எல்லாருக்கும் கொடுத்தார்கள். யார் கழுத்தையும் பார்க்கவில்லை.

சாவி கொடுக்கும் நாளில் மறுபடியும் ஒரு மேடை. பெயர் கூப்பிடக் கூப்பிட ஏறிப் போய் வாங்க வேண்டும். நான் என் நைலக்ஸ் சேலையைக் கட்டிக் கொண்டு, வெறும் கழுத்தோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மாரியாயி. அவள் கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி. அவளுக்கு அது இவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாவியை வாங்கி இறங்கி வந்தவள், நான் மேடைப் படியில் கால் வைத்த நேரம் பார்த்து உரக்கக் கேட்டாள். "என்னா பாவாடை, இன்னிக்காவது எல்லாம் ஒன்னோடதுதானா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

"ரவிக்கை லெட்சுமியோடதுடி. அன்னிக்கு வாங்கினது, இன்னும் திருப்பிக் குடுக்கல."